"ஹோல்ட் யுவர் ஹார்சஸ்": குதிரையைப் பிடிக்கச் சொல்வது ஏன்?

அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்காகச் சென்னையிலிருந்து வேலை செய்பவர் கேட்ட கேள்வி இது: "அடுத்த கட்ட வேலையை இன்றே தொடங்கிவிடலாமா என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அங்கிருந்து 'ஹோல்ட் யுவர் ஹார்சஸ்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. பொறுமையாக இரு என்று பொருள் என்கிறது அகராதி. இது கண்டிப்பா, கேலியா? இதற்குள் குதிரை எப்படி வந்தது?"

கண்டிப்பு இல்லை, பயப்பட வேண்டாம். "கொஞ்சம் பொறுங்கள், ஒன்றிரண்டைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்கலாம்" என்பதுதான் செய்தி. ஆனால் உரிமை எடுத்துக்கொண்டு பேசும் பேச்சு அது. ஒத்த நிலையில் இருப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். மூத்தவர் இளையவரிடம் சொல்வார். பரிமாறுவதற்குள் தட்டைத் தட்டும் பிள்ளையிடம் தாய் சொல்வாள். வாடிக்கையாளரிடமோ நீதிபதியிடமோ வேலைக்கு நேர்காணல் செய்பவரிடமோ யாரும் சொல்ல மாட்டார்கள். நேரில் சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பு வரும், உறைப்பு குறைந்துவிடும். மின்னஞ்சலில் அந்தச் சிரிப்பு வந்து சேர்வதில்லை. உங்களுக்குச் சுருக்கென்று தைத்ததற்கு அதுவே காரணமாக இருக்கும். அதற்காக அதே தொடரை அவரிடம் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

இதன் வடிவம் இறுகிப்போன ஒன்று. ஏவலாக, எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லும்போதுதான் இயல்பாக இருக்கும். "அவர் தம் குதிரைகளைப் பிடித்துக்கொண்டார்" என்று நடந்ததைச் சொல்லும் வாக்கியமாக மாற்றினால் ஆங்கிலக் காதுக்கு இடறும். குதிரைகள் எப்போதும் பன்மையில்தான் வரும். ஒருமையில் சொன்னால் கேட்பவர் நிஜக் குதிரை எங்கே என்று திரும்பிப் பார்ப்பார். சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் காரணத்தையும் சொல்வது வழக்கம்: பொறு, இன்னும் கணக்கு முடியவில்லை, பொறு, அப்பா வரட்டும்.

அகராதி இதைப் "பொறுமை" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவதால் ஒரு குழப்பம் வருகிறது. பொறுமை என்று நாம் சொல்வதில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. துன்பத்தையும் தாமதத்தையும் வாய் திறக்காமல் தாங்கிக்கொள்வது ஒன்று. "பொறுத்தார் பூமி ஆள்வார்" அதைப் பற்றியது. பைபிளில் செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவை வைத்து ஆங்கிலத்தில் வழங்கும் "யோபுவின் பொறுமை" என்ற தொடரும் அந்த வகைதான். (யோபுவின் புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்த மனிதர் ஒன்றும் வாய் மூடி இருக்கவில்லை, பக்கம் பக்கமாகக் கடவுளிடம் வழக்காடுகிறார்.) கிளம்பத் துடிக்கும் ஒன்றைக் கிளம்பவிடாமல் ஒரு கணம் நிறுத்திவைப்பது இன்னொன்று. குதிரைச் சொலவடை முழுக்க முழுக்க இந்த இரண்டாவது சரக்கு. ஆர்வம் இருக்கிறது, பலம் இருக்கிறது, வண்டி பூட்டியாகிவிட்டது. இப்போது வேண்டாம், அவ்வளவுதான். ஆகவே சோம்பேறியிடம் இதைச் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் வேலைக்குக் காத்திருப்பவரிடம் ஆறுதலாகவும் சொல்ல முடியாது. சொன்னால் அடி விழும்.

குதிரையை உண்மையில் எப்படிப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்று பார்த்தால் இந்த வேறுபாடு கைக்கே புரியும். வண்டிக் குதிரை ஒன்று சுமார் 500 கிலோ இருக்கும். இரண்டு பூட்டினால் ஒரு டன். வண்டியோட்டியின் கையில் இருப்பது வெறும் தோல்வார். அந்த வாரின் மறுமுனை, குதிரையின் வாய்க்குள் குறுக்கே கிடக்கும் ஓர் இரும்புத் துண்டில் போய் முடிகிறது. குதிரைக்கு முன்னால் புல்லைக் கொறிக்கும் வெட்டுப்பற்கள். உள்ளே தள்ளி அரைக்கும் கடைவாய்ப்பற்கள். இரண்டுக்கும் நடுவில் வெறும் ஈறாக ஓர் இடைவெளி. கடிவாளத்தின் இரும்பு அந்த இடைவெளியில்தான் உட்காருகிறது. மென்மையான இடம், விரல் அசைந்தாலும் அங்கே தெரியும்.

புதிதாக ஓட்டுபவர் பயத்தில் வாரை முழு பலத்தோடு இழுத்துக்கொண்டே இருப்பார். குதிரையும் இரும்பின்மேல் பாரத்தைப் போட்டு எதிர்த்து இழுக்கும். பலப்பரீட்சை என்று வந்துவிட்டால் ஜெயிப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. நாள்பட அந்த வாயும் மரத்துப்போகும். பிறகு எவர் இழுத்தாலும் உறைக்காது. கைதேர்ந்தவர் இழுப்பார், உடனே தளர்த்துவார், மறுபடி மெல்ல இழுப்பார். நான்கு குதிரை பூட்டிய கோச்சு வண்டியை ஓட்டுபவர் நான்குக்கும் உரிய வார்களை இடது கை விரல்களுக்கு இடையிலேயே வைத்துக்கொண்டு வலது கையைச் சவுக்குக்கு விட்டுவிடுவார். "ஹோல்ட்" என்ற ஏவலுக்குள் இந்தக் கைப்பழக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நிற்க வைக்கப்பட்ட குதிரை என்ன செய்யும்? வாய்க்குள் இருக்கும் இரும்பை மென்றுகொண்டே இருக்கும், நுரை தள்ளும். கிளம்பத் துடிக்கும் ஆளைப் பற்றி "சாம்பிங் அட் த பிட்" என்று ஆங்கிலத்தில் சொல்வது அதைப் பார்த்துத்தான். ஒன்று வண்டியோட்டியின் பக்கத்திலிருந்து, இன்னொன்று குதிரையின் பக்கத்திலிருந்து, காட்சி ஒன்றே.

சரி, எங்கே பிறந்தது? சொற்பிறப்பு ஆய்வாளர்கள் வழக்கமாகக் காட்டும் பழைய அச்சுச் சான்று 1844ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1837இல் தொடங்கப்பட்ட "பிக்காயூன்" நாளிதழில் வந்தது. அங்கே புழங்கிய ஒரு சிறு ஸ்பானிய நாணயத்தின் பெயர்தான் பிக்காயூன். இதழின் விலையே பெயராகிவிட்டது. அதில் ஒருவர், கோபத்தில் இருக்கும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரைப் பார்த்துச் சொல்கிறார்: குதிரைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா, இப்படிச் சீறுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. "ஹார்சஸ்" என்று ஒழுங்காக எழுதாமல், நாட்டுப்புற வாயில் வருவதுபோல் "ஹாஸஸ்" என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

அந்தச் சிறு வரியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எந்த விளக்கமும் இல்லாமல் தொடர் வந்திருக்கிறது. எழுதியவருக்கும் சரி, வாசித்தவர்களுக்கும் சரி, அது ஏற்கெனவே பழகிய பேச்சு என்பது தெளிவு. ஆகவே பிறந்தது 1844இல் என்று சொல்வது தவறு. அந்த ஆண்டில் அச்சில் சிக்கியது என்று வேண்டுமானால் சொல்லலாம். அடுத்து, அங்கே தடுக்கப்படுவது அவசரம்கூட இல்லை, ஆத்திரம். இன்றைக்கு இந்தத் தொடரை வேகத்தைக் குறைக்கத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பழைய வரியில் அது சினத்தை அடக்கப் பயன்பட்டிருக்கிறது. நம் ஊரிலும் "பொறு" என்ற சொல் இரண்டு வேலையையும் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இப்படி ஒரு தொடர் முளைப்பதற்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி எதுவும் தேவைப்பட்டிருக்காது. 1840இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கால்நடைகளையும் எண்ணினார்கள். மக்கள் சுமார் 1 கோடியே 70 லட்சம். குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்து சுமார் 43 லட்சம். நாலு பேருக்கு ஒன்று. ஓடத்துறையிலும் மாவு மில் வாசலிலும் தேவாலய முற்றத்திலும் யாராவது யாரையாவது பார்த்துக் குதிரையைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். போதாக்குறைக்கு ரயில் வேறு அப்போதுதான் வந்திருந்தது. குதிரை என்ற பிராணி பயந்தால் முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் அதனால் பார்க்க முடிகிறது. பின்னால் ஒரு துணி பறந்தாலும் தெரிந்துவிடும். வண்டிக் குதிரைக்குக் கண்ணருகே தோல் மறைப்பு கட்டுவது அதனால்தான். பூட்டிய குதிரை மிரண்டு தெருவில் ஓடுவது அன்றைக்கு அடிக்கடி நடந்த விபத்து, உயிரும் போகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி சர்க்கஸ் ஊர்வலம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சிற்றூர்களுக்குச் சர்க்கஸ் வந்தால், கூடாரத்தில் ஆட்டம் தொடங்குவதற்கு முன் தெரு வழியாக ஓர் ஊர்வலம் விடுவார்கள். சுற்றுவட்டார விவசாயிகள் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து இரு பக்கமும் நிறைந்திருப்பார்கள். வந்திருக்கும் குதிரைகளில் ஒன்றுகூட அதற்கு முன் யானையைப் பார்த்ததில்லை. அதனால் ஊர்வலத்துக்கு முன்னால் ஓர் ஆள் குதிரையில் போய்க் கத்திக்கொண்டே வருவான்: "குதிரைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், யானைகள் வருகின்றன!" சர்க்கஸ்காரர்களின் நினைவுகளில் இந்தக் கூவல் ஒரு பாட்டு வரிபோல நிலைத்துவிட்டது.

அந்த நாட்டுக்கு யானை போய்ச் சேர்ந்ததே இந்தியாவிலிருந்துதான். 1795 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட "அமெரிக்கா" என்ற கப்பல், 1796 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு பெண் யானைக் குட்டியை இறக்கியது. வாங்கிவந்தவர் ஜேக்கப் கிரவுனின்ஷீல்டு என்ற கப்பல் தலைவர். 450 டாலருக்கு வாங்கிய யானையைப் பல மடங்கு விலைக்கு விற்றார். சில ஆண்டுகள் கழித்து நியூயார்க் மாநிலத்தின் சோமர்ஸ் என்ற ஊர்க்காரர் ஹக்கலையா பெய்லி, "ஓல்டு பெட்" என்று பெயரிட்ட ஒரு யானையை ஊர் ஊராகக் காட்டிச் சம்பாதித்தார். யானையை இரவில்தான் நடத்திச் செல்வார்களாம். பகலில் போனால் ஜனங்கள் காசு கொடுக்காமலே பார்த்துவிடுவார்களே! 1816இல் இன்றைய மெய்ன் மாநிலப் பகுதியில் அந்த யானையை ஒருவன் சுட்டுக் கொன்றுவிட்டான். சோமர்ஸில் அதற்கு வைத்த நினைவுத் தூண் இன்றும் இருக்கிறது.

யானை என்றால் குதிரைக்கு ஆகாது என்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த செய்தி இல்லை. கி.மு. 301இல் இப்சஸ் போர்க்களத்தில், சந்திரகுப்த மௌரியரோடு செய்த உடன்படிக்கையில் கிடைத்த யானைகளைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார், அலெக்சாண்டரின் படைத்தலைவர்களில் ஒருவராக இருந்த செலூக்கஸ். எதிரியின் குதிரைப்படை அவற்றைத் தாண்டித் திரும்பி வர முடியாமல் தவித்தது. படையின் தலைவன் டெமெட்ரியஸ் அந்தப் பக்கம் நிற்க, இந்தப் பக்கம் அவன் தந்தை ஆன்டிகோனஸ் கொல்லப்பட்டார். கி.மு. 46இல் ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜூலியஸ் சீசர் முன்யோசனையாக இத்தாலியிலிருந்து சில யானைகளை வரவழைத்தார். போருக்காக அல்ல, தம் குதிரைகளுக்கு யானையின் உருவமும் வாடையும் சத்தமும் பழக வேண்டும் என்பதற்காக. குதிரையைப் பிடித்து நிறுத்துவதைவிட அதன் பயத்தைப் போக்குவது மேல் என்று தெரிந்த ஆள்.

ஆனால் சொலவடை பிறந்தது சர்க்கஸ் ஊர்வலத்தில்தான் என்று நான் சொல்லவில்லை. நேர்ப்பொருளில் அந்தச் சொற்கள் எவ்வளவு உரக்கப் புழங்கின என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி, அவ்வளவுதான். இணையத்தில் தேடினால் "இதுதான் மூலம்" என்று அடித்துச் சொல்லும் கதைகள் நாலைந்து கிடைக்கும். அவற்றுக்கு நான் வைக்கும் பரிசோதனை ஒன்றே: தேதி.

தீயணைப்பு வண்டிக் கதையை எடுத்துக்கொள்வோம். மணி அடித்ததும் தீயணைப்பு வண்டியின் குதிரைகள் துள்ளுமாம். ஆட்கள் ஏறும்வரை அவற்றைப் பிடித்துவைக்கச் சொன்னதுதான் சொலவடை ஆனதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1840களில் அமெரிக்க நகரங்களில் தீயணைப்பு வண்டிகளைப் பெரும்பாலும் தொண்டர்களே கையால் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். சம்பளம் பெறும் தீயணைப்புத் துறையும் நீராவிப் பம்புகளும் 1853இல் சின்சினாட்டி நகரில் வந்தன. அந்தக் கனத்தை மனிதர்களால் இழுக்க முடியாது என்றபோதுதான் குதிரைகள் நிரந்தர வேலைக்குச் சேர்ந்தன. நியூயார்க்கில் தொண்டர்கள் போய்ச் சம்பளத் துறை வந்தது 1865இல். அதற்கெல்லாம் முன்பே நியூ ஆர்லியன்ஸ் நாளிதழில் தொடர் வந்துவிட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கதையும் இப்படியே விழுகிறது. பீரங்கி வெடிக்கும்போது இழுவைக் குதிரைகள் மிரளாமல் பிடித்துக்கொள்ள அதிகாரி இட்ட கட்டளை என்பார்கள். குதிரைவீரர்கள் இறங்கிக் காலாளாகப் போரிடும்போது நாலுபேருக்கு ஒருவன் பின்னால் நின்று குதிரைகளைப் பிடித்துக்கொள்வது உண்மையாகவே அந்தப் போரில் இருந்த ஏற்பாடு. ஆனால் போர் தொடங்கியது 1861இல். பதினேழு ஆண்டு முன்பே அச்சான தொடருக்கு அது தாயாக முடியாது. வேண்டுமானால் செவிலித்தாய் என்று சொல்லலாம். லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கட்டளையை நேரில் கேட்டு ஊர் திரும்பியிருப்பார்கள்.

சீனக் கதை ஒன்றும் உலவுகிறது: வெடிமருந்தின் ஓசைக்குக் குதிரைகள் மிரண்டதால் சீனப் படைவீரர்கள் சொன்னதாம். அதற்கும் நியூ ஆர்லியன்ஸ் பேச்சுக்கும் இடையில் ஒரு கண்ணிகூட யாரும் காட்டியதில்லை. செங்குத்துப் பாறையின் விளிம்பில் குதிரையை இழுத்து நிறுத்துவது என்று பொருள்படும் மரபுத்தொடர் ஒன்று சீன மொழியில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது வேறு சரக்கு. அழிவுக்கு ஓரடி முன்னால் சுதாரித்துக்கொள்வதைச் சொல்வது. வண்டிப் பந்தயக் கதை ஒன்றைத்தான் தேதியை வைத்துத் தள்ள முடியாது. இலகு வண்டி பூட்டிய குதிரைப் பந்தயங்களில், ஓடும் காரில் பொருத்திய தொடக்கத் தடுப்பு 1946இல் அறிமுகமாகும்வரை, எல்லா வண்டிகளையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து கிளப்புவது பெரும்பாடு. முந்திக்கொண்டவர்களைத் திரும்பத் திரும்பப் பின்னால் அழைப்பார்கள். அங்கேயும் இந்தக் கூச்சல் கேட்டிருக்கும். கேட்டிருக்கும் என்பதும் அங்கேதான் பிறந்தது என்பதும் ஒன்றாகிவிடாது.

இனி பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமர். இந்தத் தொடரைப் பற்றி எழுதும் எவரும் "இலியட்" காவியத்தின் 23ஆம் காண்டத்தைத் தொடாமல் போவதில்லை. ஏன் என்பது கதையைக் கேட்டால் தெரியும்.

நண்பன் பத்ரோக்ளஸின் ஈமச் சடங்கை ஒட்டி அக்கிலிஸ் விளையாட்டுப் போட்டிகள் நடத்துகிறான். முதல் போட்டி தேர்ப்பந்தயம். தேருக்கு இரண்டு குதிரை. ஐந்து பேர் போட்டி. இரண்டாம் பரிசு, கோவேறு கழுதைக் குட்டியைச் சுமக்கும் ஆறு வயதுப் பெண்குதிரை. போட்டியாளர்களில் இளையவன் ஆன்டிலோக்கஸ்; கிழவர் நெஸ்டரின் மகன். அவனுடைய குதிரைகள் இருப்பதிலேயே மெதுவானவை. தகப்பன் தனியே கூப்பிட்டுச் சொல்கிறார்: மரம்வெட்டிக்குப் பலத்தைவிட உபாயம்தான் பெரிது, மாலுமி கப்பலைச் செலுத்துவதும் உபாயத்தால், தேரோட்டி தேரோட்டியை வெல்வதும் உபாயத்தால். திரும்பும் இடத்தில் நடுகம்பத்தை ஒட்டி எப்படி வளைப்பது, எந்தக் குதிரைக்கு வாரைத் தளர்த்துவது என்று ஒரு பாடமே நடத்துகிறார்.

மகன் பாடத்தைக் கேட்டான். ஆனால் உபாயத்தைக் காட்டியது கம்பத்தில் அல்ல, வரும் வழியில். மழைவெள்ளம் பாதையை அரித்து ஓரிடத்தில் குறுகலாக்கியிருந்தது. அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவன் மெனெலாஸ், ஹெலனின் கணவன், மன்னன். அந்தக் குறுகலில் ஆன்டிலோக்கஸ் தேரை ஓரமாக ஒடித்து அவனை முட்டும்படி நெருக்கினான். மெனெலாஸ் கத்துகிறான்: ஆன்டிலோக்கஸ், புத்தி கெட்டு ஓட்டுகிறாய், குதிரைகளைப் பிடி! பாதை குறுகல், சற்றுத் தள்ளி அகலமாகிறது, அங்கே முந்திக்கொள், இங்கே மோதினால் இருவருக்கும் சேதம். இளையவன் காதில் விழாதவன்போல் இன்னும் வேகமாகச் சவுக்கை வீசுகிறான். வட்டெறியும் தூரம் வரை இரு தேர்களும் இணையாக ஓடுகின்றன. கடைசியில் தன் குதிரைகளைத் தளர்த்தியவன் மெனெலாஸ்தான். குதிரைகளைப் பிடிக்கச் சொன்னவனே பிடித்துக்கொண்டான். இல்லையென்றால் இரண்டு தேரும் புழுதியில் கிடந்திருக்கும்.

பின்கதை இன்னும் நன்றாக இருக்கிறது. டயமீடிஸ் முதலில் வருகிறான், ஆன்டிலோக்கஸ் இரண்டாவது. மெனெலாஸ் சபை நடுவே எழுந்து, உன் குதிரைகளின்மேல் கை வைத்து, சவுக்கைக் கையில் பிடித்து, நான் சூது செய்யவில்லை என்று கடல்தெய்வம் பொசைடன் பேரில் சத்தியம் செய் என்கிறான். பையன் சத்தியம் செய்யவில்லை. நான் இளையவன், நீங்கள் பெரியவர். இளைஞர்களின் மனம் எவ்வளவு பதற்றமானது, அறிவு எவ்வளவு மெலிந்தது என்று உங்களுக்குத் தெரியாததா என்று சொல்லிப் பெண்குதிரையைப் பிடித்து அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறான். மெனெலாஸின் மனம் இளகுகிறது. குதிரை என்னுடையதுதான், இருந்தாலும் நீயே வைத்துக்கொள் என்று திருப்பித் தந்துவிடுகிறான். பந்தயத்தில் அவசரத்தை அடக்கியவன் சபையில் சினத்தையும் அடக்குகிறான். சொலவடையின் இரண்டு பொருளும் ஒரே ஆளிடம்.

அப்படியானால் மூலம் இதுதானா? இல்லை என்றே சொல்வேன். கிரேக்க மூலத்தில் அது வெறும் நேர்ப்பொருள். மெனெலாஸுக்கு முன்னால் நிஜக் குதிரைகள் ஓடுகின்றன. அவற்றைத்தான் இழுக்கச் சொல்கிறான். அந்த வரியிலிருந்து ஆங்கிலச் சொலவடை கிளைத்தது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. நியூ ஆர்லியன்ஸில் "ஹாஸஸ்" என்று கொச்சையாகப் பேசியவர் ஹோமரை மனத்தில் வைத்துப் பேசினார் என்று நம்புவதும் கடினம். நடந்தது தலைகீழ். 1882, 1924 ஆகிய ஆண்டுகளில் வந்த உரைநடை மொழிபெயர்ப்புகள் குதிரைகளை உள்ளிழு, வாரை இழு என்று பழைய நடையில் எழுதின. 1990இல் ராபர்ட் ஃபேகிள்ஸ் செய்த புகழ்பெற்ற மொழிபெயர்ப்பில்தான் மெனெலாஸின் வாயில் "ஹோல்ட் யுவர் ஹார்சஸ்" அப்படியே வருகிறது. அதைப் படித்தவர்கள், அடடா, இது ஹோமர் காலத்துப் பேச்சா என்று வியந்து பரப்பிவிட்டார்கள். மகன் முகச்சாயல் அப்பாவுக்கு வந்துவிட்டது என்று சொல்வதுபோல இருக்கிறது.

குதிரையைப் பழக்கிய மக்கள் எல்லோருக்கும் இந்த உருவகம் தன்னால் தோன்றும் என்பதுதான் உண்மை. கடோபநிஷதத்தில் உடல் தேர், புத்தி தேர்ப்பாகன், மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். பிளேட்டோ ஆன்மாவை ஒரு பாகனாகவும், அடங்கிய குதிரை ஒன்று முரட்டுக் குதிரை ஒன்று என இரண்டாகவும் பிரித்துக் காட்டினார். ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கினார்கள் என்று கயிறு திரிக்க வேண்டியதில்லை. வள்ளுவரைப் பாருங்கள்: அதே ஐம்புலன்கள், ஆனால் அவருக்குக் குதிரை தோன்றவில்லை. உரன் என்னும் தோட்டியால் ஐந்தையும் காப்பவன் என்கிறார். தோட்டி யானைப்பாகனின் அங்குசம். கடிவாளத்துக்குப் பதில் அங்குசம், குதிரைக்குப் பதில் யானை. கண்ணெதிரே எந்த விலங்கு அடக்க முடியாமல் நின்றதோ அதுதான் உவமைக்கும் வந்திருக்கிறது.

கடைசியாக, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன். "உன் குதிரைகளைப் பிடி" என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். வசன மொழிபெயர்ப்புகளில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கடிவாளம் நம்மிடமும் உண்டு, செலவுக்குக் கடிவாளம், விலைவாசிக்குக் கடிவாளம் என்று செய்தித்தாள்கள் தினமும் போடுகின்றன. ஆனால் அது மேலிடம் போடும் நிரந்தரக் கட்டுப்பாடு. ஒரு நிமிட நிறுத்தத்துக்குப் பொருந்தாது. "பதறாத காரியம் சிதறாது" பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் தாத்தா சொல்லும் புத்திமதிபோல் ஒலிக்கும், ஆங்கிலத் தொடரில் இருக்கும் துடுக்கு அதில் இல்லை. வேலை முடியும் தறுவாயில் ஒருவர் பறந்தால் "ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா" என்பது கச்சிதம். அலுவலகக் கடிதத்தில் என்றால் "சற்றுப் பொறுங்கள்" போதும். தோழர்களுக்குள் என்றால் "பொறு, பொறு" என்று இரட்டித்துச் சொல்லும்போதே அந்தத் தொனி வந்துவிடுகிறது. வீட்டுப் பிள்ளையிடம் என்றால் என் தேர்வு இதுதான்: "காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி ஏன் குதிக்கிறாய், இரு."